வெர்புக்கு அப்புறம் வந்தா எல்லாமே "-லி" தானா? லிங்க்கிங் வெர்ப் தகராறு

ஜூன் 3 – வாசகர் கேள்வி

என் பொண்ணு ஏழாவது படிக்குறா. "த ஃப்ளவர் ஸ்மெல்ஸ் ஸ்வீட்"னு எழுதிருக்கா. ட்யூஷன்ல அதை சுழிச்சு "ஸ்வீட்லி"ன்னு மாத்தி விட்டுருக்காங்க. நவுனை விவரிச்சா அட்ஜெக்டிவ், வெர்பை விவரிச்சா அட்வெர்ப், நாங்க படிச்ச காலத்துலயும் இதான் ரூல். "ஸ்மெல்ஸ்" வெர்ப் தானே? அப்போ "ஸ்வீட்லி" தான் சரி. நான் ட்யூஷன் பக்கம். மறுக்கிறவங்க மறுக்கலாம்.

ஜூன் 3, ராத்திரி

மறுக்கிறேன். பொண்ணு எழுதினதுதான் சரி, அந்த சுழியை அழிக்கச் சொல்லுங்க.

ரூல்ல தப்பில்ல. வெர்புக்குப் பக்கத்துல நிக்குற வார்த்தையெல்லாம் வெர்பைத்தான் விவரிக்குதுன்னு எடுத்துக்குறோம் பாருங்க, அங்கதான் சிக்கல். இங்க ஸ்வீட்டா இருக்குறது எது, பூவா இல்ல மோந்து பாக்குற வேலையா? பூ தானே. பூ நவுன், அதனால அட்ஜெக்டிவ். இப்படி எழுவாயையும் அதை விவரிக்குற வார்த்தையையும் கோத்து விடுற வெர்புக்கு லிங்க்கிங் வெர்ப்னு பேரு, செய்யுற வேலையைச் சொன்னா ஆக்‌ஷன் வெர்ப். "ஸ்மெல்ஸ் ஸ்வீட்லி"ன்னா பூவுக்கு மூக்கு முளைச்சு அது எதையோ ரொம்ப நளினமா மோந்து பாக்குதுன்னு ஆயிடும்.

ஜூன் 3, இன்னும் கொஞ்ச நேரம் கழிச்சு

இங்கிலீஷ்காரங்க கிட்ட ஒரு பழைய மொக்கை ஜோக் உண்டு. என் நாய்க்கு மூக்கே கிடையாதுன்னு ஒருத்தன் சொல்றான். அப்போ அது எப்படி "ஸ்மெல்" பண்ணும்னு இன்னொருத்தன் கேக்குறான். "டெரிபிள்!"னு பதில். கேட்டவன் ஆக்‌ஷன் வெர்பா கேட்டான், சொன்னவன் லிங்க்கிங் வெர்பா எடுத்துக்கிட்டு நாய் நாறுதுன்னு சொல்லிட்டான். என் கிளாஸ்ல இதுக்கு யாரும் சிரிச்சதில்ல, ஆனா பாடம் மட்டும் பதிஞ்சுடும்.

ஜூன் 4

ட்யூஷன் டீச்சரை திட்டி நாலு பேர் எழுதிட்டீங்க. விடுங்க. நம்மாளுங்களுக்கு இந்தத் தப்பு வர்றதுக்கு உருப்படியான காரணம் இருக்கு. தமிழ்ல சொல்லிப் பாருங்க: "அவ அழகா பாடுறா", "அவ அழகா இருக்கா". ரெண்டுலயும் அதே "அழகா". முதல்ல உள்ளது பாடுறதைப் பத்தினது, இங்கிலீஷ்ல "பியூட்டிஃபுல்லி". ரெண்டாவது அவளைப் பத்தினது, "பியூட்டிஃபுல்". நாம ரெண்டு வேலைக்கும் ஒரே "-ஆ"வை ஒட்டி காலத்தை ஓட்டிட்டோம், அது எழுத்துல "-ஆக". பெயருக்கு முன்னாடி போகும்போது மட்டும் "அழகான பொண்ணு"ன்னு மாறும். அதனால "-லி"ன்னா "-ஆ"ன்னு ஒருதடவை மனசுல ஏறிட்டா "அழகா இருக்கா", "இனிப்பா மணக்குது" எல்லாத்துக்கும் கை தன்னால "-லி" போட்டுடும்.

நான் நாகர்கோவில் பக்கம் நர்ஸுங்களுக்கு ஓஇடி பரீட்சைக்கு (வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலைக்குப் போறவங்க எழுதுற இங்கிலீஷ் பரீட்சை) இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்குறேன். "பேஷண்ட் லுக்ஸ் பேல்லி"ன்னு எழுதுற பிள்ளைங்க கிராமர் தெரியாதவங்க இல்ல. ரூலை ரொம்ப நல்லா மனப்பாடம் பண்ணினவங்கதான் அப்படி எழுதுவாங்க. ரூலே தெரியாத பிள்ளை பாட்டுக்கு "லுக்ஸ் பேல்"னு எழுதிட்டுப் போயிடும், மார்க்கும் வாங்கிடும்.

ஜூன் 4, சாயங்காலம்

ஒரு வெர்ப் லிங்க்கிங்கா ஆக்‌ஷனான்னு கண்டுபிடிக்க டெஸ்ட் கேட்டவருக்கு. சந்தேகமான வெர்பைத் தூக்கிட்டு அங்க "இஸ்" இல்லன்னா "வாஸ்" போட்டுப் பாருங்க. "த சூப் டேஸ்ட்ஸ் சால்ட்டி", "த சூப் இஸ் சால்ட்டி", நிக்குது, அப்போ லிங்க்கிங். "த குக் டேஸ்ட்டட் த சூப்", "த குக் வாஸ் த சூப்". சமையக்காரர் அண்டாக்குள்ள விழுந்துட்டார், அப்போ ஆக்‌ஷன்.

லுக், ஃபீல், ஸ்மெல், டேஸ்ட், சவுண்ட் அஞ்சும் இப்படி ரெண்டு பக்கமும் ஆடும். "ஹி லுக்ட் ஆங்ரி"ன்னா அவன் மூஞ்சி கோபமா இருந்துச்சு. "ஹி லுக்ட் ஆங்ரிலி அட் த டாக்டர்"னா டாக்டரை முறைச்சான், பாக்குறது அவன் செஞ்ச வேலை, அதனால அங்க "-லி" நியாயமா வருது. பீ, சீம், பிகம் மூணும் ஆடாது, அட்ஜெக்டிவ் பக்கத்துல வந்தா லிங்க்கிங்தான்.

ஜூன் 5

எங்க காலத்துல லிங்க்கிங் வெர்ப்னு எதுவும் கிடையாது, இதெல்லாம் புதுசா கிளப்பி விட்டதுன்னு ஒரு பெரியவர் எழுதிருக்கார். ஐயா, உங்க பழைய ரென் அண்ட் மார்ட்டின் கிராமர் புக்கை எடுத்துப் பாருங்க, "வெர்ப் ஆஃப் இன்கம்ப்ளீட் ப்ரெடிகேஷன்"னு இருக்கும். அதே ஆள்தான், பேரு மட்டும் வேற. எனக்கு அந்தப் பழைய பேருதான் இன்னும் பிடிக்கும், "இன்கம்ப்ளீட்"னு சொல்லும்போதே இவன் தனியா நிக்க மாட்டான், அர்த்தத்தை முடிச்சு வைக்க ஒரு காம்ப்ளிமெண்ட் வேணும்னு புரிஞ்சுடுது. "ஷீ சீம்ஸ்"னு சொல்லி நிறுத்துங்க, எதிர்ல உள்ளவர் மீதிக்காக உங்க வாயையே பாத்துட்டு இருப்பார்.

ஜூன் 6

"இஸ்" டெஸ்டை மட்டும் நம்பிப் போனா ஒரு இடத்துல மாட்டும்னு மதுரைக்காரர் ஒருத்தர் பிடிச்சிருக்கார், நல்ல கேள்வி. "ஹி டைட் யங்". "ஹி வாஸ் யங்"னு மாத்தினாலும் நிக்குது. அப்போ "டை" லிங்க்கிங் வெர்பா?

இல்ல. இந்த இடத்துக்கு இன்னொரு டெஸ்ட் வேணும்: அட்ஜெக்டிவைக் கழட்டிட்டு மிச்சத்தைப் பாருங்க. "ஹி டைட்". முழு வாக்கியம், ஆள் போயிட்டார், அர்த்தத்துல குறையே இல்ல. "யங்"ங்கறது சாகும்போது அவர் எப்படி இருந்தார்னு கூடுதலா ஒட்டின தகவல். "ஷீ கேம் ஹோம் டயர்ட்"டும் இதே கேஸ். ஆனா "த மில்க் வென்ட் பேட்"ல "பேட்"டைக் கழட்டினா "த மில்க் வென்ட்". பால் எங்க போச்சு, பஸ் ஏறியா? வெர்போட அர்த்தமே மாறிடுச்சு, அதனால அங்க "வென்ட்" லிங்க்கிங்.

நர்ஸ் பிள்ளைங்களுக்கு இதை ஒரே உதாரணத்துல முடிச்சுடுவேன். "த பேஷண்ட் ஃபெல் அஸ்லீப்"னு எழுத வேண்டிய இடத்துல "அஸ்லீப்"பை விட்டுட்டா "த பேஷண்ட் ஃபெல்". இதுக்கு இன்சிடென்ட் ஃபார்ம் நிரப்பணும், சொந்தக்காரங்களுக்கு போன் போடணும், ஷிஃப்ட் முடிஞ்சும் வீட்டுக்குப் போக முடியாது.

ஜூன் 6, ராத்திரி

"கோ" பத்தி இன்னும் ஒண்ணு. கோ பேட், கோ மேட், கோ பிளைண்ட், கோ ராங்: "கோ" பெரும்பாலும் கெட்ட பக்கமாத்தான் போகும். ட்ரீம் மட்டும் "கம் ட்ரூ", நல்லது நம்ம பக்கமா வரும் போல. கலர் மாறினா "டர்ன்", மெதுவா ஆனா "க்ரோ", தூக்கம், நோய், மௌனம்னா "ஃபால்". "கெட்" எல்லாத்துலயும் நுழையும், ஆனா ரெஃபரல் லெட்டர் மாதிரி ஃபார்மலா எழுதும்போது "பிகேம்" போடுங்க. இதுக்கெல்லாம் ரூல் தேடாதீங்க, ஜோடியா மனப்பாடம் பண்றதுதான் வழி.

ஜூன் 8

ரெண்டு நாளா மண்டையில ஓடிட்டு இருந்த கேள்விக்கு வர்றேன். திருச்சில இருந்து ஒரு தம்பி கேட்டது: "தமிழ்ல 'என் தம்பி நர்ஸ்'னு சொன்னா போதுது. இங்கிலீஷ்ல மட்டும் நடுவுல எதுக்கு 'இஸ்'? அதுக்கு அர்த்தமே இல்லையே?"

சரியான கேள்வி. அர்த்தம்னு பாத்தா "இஸ்"க்கு பெருசா ஒண்ணும் இல்லதான். எல்லா அர்த்தமும் "நர்ஸ்" கிட்ட இருக்கு. ஆனா ஒரு வேலை இருக்கு: காலத்தைச் சுமக்குறது. இங்கிலீஷ் அட்ஜெக்டிவாலயும் நவுனாலயும் டென்ஸ் காட்ட முடியாது, "பேல்"லுக்கு இறந்தகால ரூபம் கிடையாது. யாராச்சும் அந்த மூட்டையைத் தூக்கணும்ல, அதுக்கு வந்த ஆள்தான் இவன்.

நம்ம இலக்கணத்துல இதைப் பார்த்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். எழுவாய்க்கு வினைதான் பயனிலையா வரணும்னு கட்டாயம் கிடையாது, பெயர்ப் பயனிலை, வினாப் பயனிலை ரெண்டும் உண்டு. "என் தம்பி நர்ஸ்" பெயர்ப் பயனிலை, முழு வாக்கியம். அதுக்கு மேல குறிப்பு வினைமுற்று. "அவன் கரியன்", "அவன் இனியன்". இங்கிலீஷ் கண்ணுல பாத்தா அது அட்ஜெக்டிவ், நம்மாளுங்க அதை வினைன்னு சொன்னாங்க, காலத்தை வெளிப்படையா காட்டாத வினை. பள்ளிக்கூடத்துல தெரிநிலை, குறிப்புன்னு ரெண்டு மார்க்குக்கு உருப்போட்டோமே, அதேதான். தொல்காப்பியத்துல பெயர், வினை, இடை, உரின்னு நாலு வகைச் சொல்லுதான், அட்ஜெக்டிவ்னு தனிப் பெட்டியே இல்ல.

ஆனா காலத்தைச் சொல்லியே ஆகணும்னு வந்தா நாம என்ன பண்றோம்? "என் தம்பி நர்ஸா இருந்தான்." "இரு"ங்கற வினை வந்துடுச்சு பாத்தீங்களா. நிகழ்காலத்துல சும்மா விட்டோம், இறந்தகாலம் வந்ததும் ஆளைக் கூப்பிட்டோம். இங்கிலீஷ் நிகழ்காலத்துக்கும் சேத்து ஆள் வச்சிருக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜூன் 8, மேல உள்ளதோட சேத்துப் படிங்க

சவுதில தம்மாம்ல வேலை பாக்குற ஒரு சகோ அரபிலயும் "இஸ்" கிடையாதுன்னு எழுதிருக்கார். ஆமா, "அல்-பைத்து கபீர்"னா வீடு பெருசு, நடுவுல ஒண்ணும் இல்ல. ஆனா பெருசா இருந்துச்சுன்னு சொல்ல முன்னாடி "கான" வந்துடும். ரஷ்யனும் அப்படித்தான், நிகழ்காலத்துல வெறும் இடம், இறந்தகாலத்துல "பில்" வரும். நாம தனி ஆளு இல்ல.

இதை விட சுவாரஸ்யம் அமெரிக்கக் கறுப்பின மக்களோட இங்கிலீஷ். "ஹி டயர்ட்"னு அவங்க பேசும்போது "இஸ்" வராது, ரொம்ப நாளா அதை சோம்பேறி இங்கிலீஷ், உடைஞ்ச இங்கிலீஷ்னு ஏளனம் பண்ணினாங்க. வில்லியம் லேபாவ்னு ஒரு மொழியியலாளர் 1969ல அதைப் பத்தி எழுதினார்: கண்ட இடத்துல எல்லாம் விடல, அதுக்கு ஒழுங்கான விதி இருக்கு. ஸ்டாண்டர்ட் இங்கிலீஷ்ல எங்க "ஹி இஸ்"ஸை "ஹீஸ்"னு சுருக்க முடியுமோ அங்கதான் அவங்க விடுறாங்க, சுருக்க முடியாத இடத்துல அவங்களும் விடுறதில்ல. இறந்தகால "வாஸ்"ஸையும் விடுறதில்ல. சும்மா இருக்குற இடத்துல ஆளை அனுப்பிடலாம், மூட்டை இருக்குற இடத்துல முடியாது.

ஜூன் 9

"இஸ்"ங்கறது டென்ஸ்தான்னு நான் சொன்னது ஓவர்னு சொல்றவங்களுக்கு: 1998 ஆகஸ்ட்ல, அப்போ அமெரிக்க அதிபரா இருந்த பில் கிளிண்டன் மோனிகா லெவின்ஸ்கி விவகாரத்துல கிராண்ட் ஜூரிங்கற விசாரணைக் குழு முன்னாடி "இட் டிபெண்ட்ஸ் அபான் வாட் த மீனிங் ஆஃப் த வேர்ட் இஸ் இஸ்"னு சொன்னார். ஊரே சிரிச்சுது. ஆனா அவர் பிடிச்ச பாயிண்ட் டென்ஸ்தான். உறவு "இல்ல"ன்னு அவரோட வக்கீல் நிகழ்காலத்துல சொல்லியிருந்தார். அந்த நேரத்துல இல்லன்னா அது உண்மை, எப்பவுமே இருந்ததில்லன்னா அது வேற. கிராமரா பாத்தா மனுஷன் தப்பா ஒண்ணும் சொல்லல. மத்ததை நான் சொல்ல வரல.

அந்த வக்கீல் சொன்னது "தேர் இஸ்" வகை, லிங்க்கிங் இல்லன்னு யாரும் கிளம்பாதீங்க, தெரியும்.

ஜூன் 11

கிளாஸ்ல இன்னைக்கு ஒரு நல்ல சண்டை. "த பேஷண்ட் ஃபீல்ஸ் வார்ம்". ஒரு பிள்ளை சொல்லுது, பேஷண்ட் தனக்கு உஷ்ணமா இருக்குன்னு சொல்றார். இன்னொண்ணு சொல்லுது, இல்ல, நர்ஸ் தொட்டுப் பாத்தா உடம்பு சுடுது. ரெண்டுமே சரி! ரெண்டுலயும் "ஃபீல்ஸ்" லிங்க்கிங்தான், அட்ஜெக்டிவும் பேஷண்டைப் பத்தினதுதான், ஆனா உணர்றது யாருன்னு வாக்கியம் சொல்லல. கிராமர் பக்காவா இருந்தும் தகவல் கோணலா போகும்னா இது ஒண்ணு. அதனால லெட்டர்ல "ஹிஸ் ஸ்கின் ஃபீல்ஸ் வார்ம்"னோ "ஹி கம்ப்ளைன்ஸ் ஆஃப் ஃபீலிங் ஹாட்"னோ பிரிச்சு எழுதச் சொன்னேன், பக்கத்துல டெம்பரேச்சர் நம்பரையும் போடச் சொன்னேன், அதுக்கு மேல எந்த அட்ஜெக்டிவும் வேண்டாம்.

"சீம்ஸ்", "அப்பியர்ஸ்" ரெண்டும் இதே தலைவலிதான். காலத்தோட சேத்து சந்தேகத்தையும் சுமக்கும் இதுங்க. "இஸ் ஆங்ஷஸ்" (பதட்டமா இருக்கார்)னா நீங்க சாட்சி சொல்றீங்க, "அப்பியர்ஸ் ஆங்ஷஸ்"னா எனக்கு அப்படித் தோணுச்சுன்னு பின்வாங்குறீங்க. சார்ட்ல "அப்பியர்ஸ்" போடாதீங்க, கண்ணால பாத்ததை எழுதுங்கன்னு சில சீனியர் நர்ஸுங்க கண்டிப்பா இருப்பாங்க. எனக்கு அதுல முழு உடன்பாடு இல்ல, அடுத்தவன் மனசுக்குள்ள உள்ளதை "இஸ்" போட்டு எழுதுறதை விட "அப்பியர்ஸ்" நேர்மையானது. ஆனா "அப்பியர்ஸ் டெட்"னு எழுதினா கதை கந்தல்.

ஜூன் 11, ராத்திரி

டெட்னு சொன்னதும் ஞாபகம் வருது. "ஹி இஸ் டைட்". நான் திருத்துற பேப்பர்ல திரும்பத் திரும்ப வர்றது இதுதான். "டெட்" அட்ஜெக்டிவ், "இஸ்" வேணும். "டைட்" வெர்ப், காலம் உள்ளயே இருக்கு, "இஸ்"க்கு வேலை இல்ல. ரெண்டையும் கலந்தா ஒரே வேலைக்கு ரெண்டு ஆளு. "ஐ ஆம் அக்ரீ"யும் அதே கதை. எதிர்ப்பக்கம் "ஐ பார்ன் இன் கன்னியாகுமரி", அங்க "வாஸ்" வேணும், ஒரு ஆள்கூட இல்ல.

கடை போர்டு இன்னொரு ரகம். "ஓபன்"னா அட்ஜெக்டிவும் அதுவே வெர்பும் அதுவே. ஆனா எதிர்ப்பதம் "க்ளோஸ்" இல்ல, "க்ளோஸ்ட்". "டுடே ஷாப் இஸ் க்ளோஸ்"னு நாம எழுதுறது "ஓபன்" பாத்த பழக்கத்துல. இங்கிலீஷ் ஒரே சீரா இல்லாததுக்கு நாம என்ன பண்ண முடியும்.

ஜூன் 12

"போர்ட்", "போரிங்" வித்தியாசம் கேட்டவருக்கு சுருக்கமா: "ஐ ஆம் போரிங்"னா நீங்க ஒரு ரம்பம். "ஐ ஆம் போர்ட்"னா எதிர்ல உள்ளவர் ரம்பம். இன்டர்வியூல எதைச் சொல்றீங்கன்னு பாத்து சொல்லுங்க, ரெண்டும் நல்லதில்ல.

ஜூன் 14

"அன் அஸ்லீப் பேஷண்ட்"னு ஏன் வராதுங்கற கேள்வி சும்மா கிடக்கு. "த பேஷண்ட் இஸ் அஸ்லீப்" வரும், "ஸ்லீப்பிங் பேஷண்ட்" வரும், "அஸ்லீப்" மட்டும் நவுனுக்கு முன்னாடி வர மாட்டேங்குது. அலைவ், அவேக், அஃப்ரெய்ட், அலோன் எல்லாம் இந்த ஜாதி, லிங்க்கிங் வெர்புக்குப் பின்னாடி மட்டும்தான் உக்காரும். அஸ்லீப், அலைவ் ரெண்டுக்கும் காரணம் தெளிவா இருக்கு: முன்னாடி ஒட்டிட்டு இருக்குற "அ" பழைய இங்கிலீஷ் "ஆன்". தூக்கத்து-மேல, உயிர்-மேலன்னு ஒரு ப்ரெபோசிஷன் தொடரா இருந்தது தேஞ்சு ஒரே வார்த்தை ஆயிடுச்சு, பழைய குணம் போகல. அஃப்ரெய்ட், அலோன் வேற வழியா வந்து இந்தக் கூட்டத்துல சேந்துக்கிட்டது. "மியர்", "மெயின்", "ஃபார்மர்" இதுக்கு நேர் எதிர், நவுனுக்கு முன்னாடி மட்டும். "த ரீசன் இஸ் மெயின்"னு யாரும் சொல்ல மாட்டாங்க.

ஜூன் 15

"திங்க் டிஃபரெண்ட்"னு ஆப்பிள் 1997ல போட்ட விளம்பரத்தை வச்சு "திங்க்"கும் லிங்க்கிங் வெர்பான்னு ஒருத்தர் கேக்குறார். இல்ல. "திங்க்" ஆக்‌ஷன்தான், ஒழுங்கா எழுதினா "டிஃபரெண்ட்லி". அப்பவே இதுக்கு இலக்கணச் சண்டை நடந்துச்சு. "திங்க் பிக்"னு சொல்ற மாதிரின்னு எடுத்துக்கிட்டா சமாதானம். "டிரைவ் ஸ்லோ" மாதிரி "-லி" இல்லாத அட்வெர்பும் உண்டு. விளம்பரக்காரனைப் பாத்து கிராமர் படிச்சா பரீட்சைல அவன் வந்து உக்கார மாட்டான்.

ஜூன் 17

"மை ஹெட் இஸ் பெய்னிங்"னு நர்ஸே சொன்னா எப்படின்னு ஒருத்தர் கேலி பண்ணிருக்கார். கேலி வேண்டாம். தமிழ்ல வலிக்குது, பசிக்குது, குளிருது, கூசுது எல்லாமே வெர்ப். எனக்குப் பசிக்குது, அவருக்குக் குளிருது, ஆள் "-க்கு" போட்டு ஓரமா நிக்கிறார், வெர்ப்தான் எல்லாத்தையும் செய்யுது. இங்கிலீஷ்ல அதே ஆளை எழுவாயா முன்னாடி நிறுத்தி, பசியையும் குளிரையும் அட்ஜெக்டிவா மாத்தி, நடுவுல "ஆம்" போடுது: "ஐ ஆம் ஹங்ரி", "ஐ ஆம் கோல்ட்". வலி மட்டும் இன்னொரு பக்கம் போயிடுச்சு, "மை ஹெட் ஹர்ட்ஸ்", இங்க வெர்பேதான். வெர்புக்கும் அட்ஜெக்டிவுக்கும் நடுவுல எல்லைக் கல்லு ஒவ்வொரு மொழிலயும் ஒவ்வொரு இடத்துல நட்டு வச்சிருக்கு. "பெய்னிங்"னு சொல்ற பிள்ளை "வலிக்குது"வை அப்படியே வெர்பா கொண்டு போகுது. வார்டுல பேசும்போது இந்தியாக்காரங்களுக்கு நல்லாவே புரியும். லண்டன் வார்டுல பழக்கம் இல்லாத காதுக்கு ஒரு நொடி இடிக்கும், அங்க "ஹர்ட்ஸ்" இல்லன்னா "ஐ ஹாவ் எ ஹெட்ஏக்".

ஓஇடி ரைட்டிங்ல பேஷண்ட் சொன்னதை 180ல இருந்து 200 வார்த்தைக்குள்ள அடக்கணும், அதனால "கம்ப்ளைன்ட் ஆஃப் ஹெட்ஏக்"னு நவுனா மாத்திட்டா இந்தப் பஞ்சாயத்தே வராது.

ஜூன் 17, கடைசியா வந்த கேள்விக்கு

"ஹவ் ஆர் யூ"ன்னா "ஐ ஆம் குட்"டா "ஐ ஆம் வெல்"லா? ரெண்டும் ஓகே. "வெல்" இங்க அட்வெர்ப் இல்ல, உடம்பு நல்லா இருக்குன்னு அர்த்தம் வர்ற அட்ஜெக்டிவ். டிஸ்சார்ஜ் லெட்டர்ல மட்டும் "வெல்" போடுங்க, "த பேஷண்ட் இஸ் குட்"னா அவர் நல்ல மனுஷன்னு சர்ட்டிஃபிகேட் கொடுத்த மாதிரி ஆயிடும்.